துருப்பிடித்த ஓடைக் குழாயை மாற்ற வேண்டும்: மீன் ஏறிப்போக எவ்வளவு அகலம் விடுவது?

ஓடைக்கரை (கேள்வி):

வணக்கம். ஓர் ஓடையைக் கடக்கும் மண் சாலைக்கு அடியில் 900 மி.மீ. விட்டமுள்ள நெளிவுத்தகட்டு எஃகுக் குழாய் இருக்கிறது. நீளம் 12 மீட்டர். போட்டு 40 வருடம் ஆகிறது. அடித்தகடு துருவேறி ஓட்டையாகிவிட்டதால், வரும் தண்ணீரில் ஒரு பங்கு குழாய்க்கு வெளியே மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. கீழ்ப்பக்க வாய் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்கடியில் ஆழமான மடு விழுந்திருக்கிறது. மேல்பக்கத்தில் சரளை படிந்து மேடாகிவிட்டது. ஓடையில் அயிரை, சிறு கெண்டை, விலாங்கு உண்டு. எல்லாம் அந்த மடுவோடு நின்றுவிடுகின்றன.

மூன்று கேள்விகள். அதே இடத்தில் 1200 மி.மீ. குழாய் போட்டால் போதுமா? பழைய குழாய்க்குள்ளேயே பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிக் காரை நிரப்பலாம் என்கிறார்கள், அது சரியா? வேலை நடக்கும்போது ஓடும் தண்ணீரையும் மீன்களையும் என்ன செய்வது?

நீர்மட்டம்:

1200 குழாய் வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஓடை 3 மீ. அகலம், கரை நிரம்பி ஓடும்போது 0.4 மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 1.2 சதுர மீட்டர். சராசரி வேகம் நொடிக்கு 1.2 மீ. என்றால் நொடிக்கு 1.44 கன மீட்டர் வருகிறது. 900 குழாயின் வெட்டுப்பரப்பு 0.64 சதுர மீட்டர்தான். அதே தண்ணீர் அதற்குள் 2.26 மீ. வேகத்தில் பாய வேண்டும். 1200 குழாயில் 1.13 சதுர மீட்டர், வேகம் 1.27 மீ. ஓடையின் வேகத்துக்கே வந்துவிட்டதே, பிறகென்ன என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓடையில் 1.2 என்பது சராசரி. கரையோரத்திலும் கல்லின் பின்புறத்திலும் வேகம் அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. மீன் அந்த இடங்களில் நின்று நின்றுதான் ஏறுகிறது. குழாய்க்குள் நிற்க இடமே கிடையாது. 10 செ.மீ. மீன் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தால் நொடிக்கு ஏறக்குறைய தன் உடல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு, அதாவது 1 மீ. போகும், அதுவும் சில நொடிகளுக்கு மட்டும். 1.27 மீ. வேகத்தில் எதிரே வரும் தண்ணீரில் அது ஒரு சாண்கூட முன்னேறாது.

இன்னொன்று, 3 மீ. அகலத் தண்ணீரை 1.2 மீ. வாய்க்குள் நுழைத்தால் மேல்பக்கம் தேங்கும், சரளை அங்கேயே படியும். சரளையை இழந்த தண்ணீர் கீழ்ப்பக்கத்தில் பாய்ந்து படுகையைத் தோண்டும். இப்போது இருக்கும் தொங்கலும் மடுவும் இப்படித்தான் வந்தன. குழாயைச் சற்றுப் பெரிதாக்கினால் அவை திரும்பி வர இன்னும் சில வருடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆகவே எவ்வளவு வெள்ளத்தைக் கடத்த எந்தக் குழாய் என்று தொடங்காதீர்கள். சாலையே இல்லாவிட்டால் இந்த இடத்தில் ஓடை எந்த அகலத்தில், எந்தச் சரிவில், எந்தக் கல்மேல் ஓடியிருக்கும்? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். அந்த ஓடையை அப்படியே சாலைக்கு அடியில் ஓடவிட்டு, அதன்மேல் கூரை போடுவதுதான் வேலை. அமெரிக்க வனத்துறை 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியின் அடிப்படை இதுதான். 2011-இல் ஐரீன் புயல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைப் புரட்டியெடுத்தபோது, அங்குள்ள கிரீன் மவுண்டன் தேசியக் காட்டில் இந்த முறையில் மாற்றப்பட்டிருந்த கடவைகள் சேதமில்லாமல் நின்றன. மீனுக்காக விட்ட அகலம் சாலையையும் காப்பாற்றியது.

அளவெடுத்துவிட்டு வாருங்கள். தேவைப்படுவது நான்கு.

கரை நிரம்பும் அகலம்: ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் தொடும் விளிம்பு. கரையின் செங்குத்து மாறும் இடம், நிலையான செடி தொடங்கும் வரி, உள்வளைவில் படிந்த சரளைத் திட்டின் உச்சி ஆகியவை அடையாளம். குறைந்தது பத்து இடத்தில் அளக்க வேண்டும். குழாயின் தாக்கம் எட்டாத தூரத்தில், நேரான பகுதிகளில் எடுங்கள். மடுவின் அகலத்தை எடுத்தால் கணக்குக் கெட்டுவிடும்.

நீளவெட்டு, அதாவது ஓடை நெடுகப் படுகையின் ஏற்ற இறக்கம்: ஆட்டோ லெவலும் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) ஸ்டாஃபும் (அளவுக்கோல்) போதும். ஓடை அகலத்தைப் போல 20 முதல் 30 மடங்கு தூரம் மேலேயும் கீழேயும், ஓடையின் ஆழக்கோட்டை ஒட்டி மட்டம் எடுங்கள். சீரான இடைவெளி முக்கியமில்லை. ஒவ்வொரு மடுவின் அடியும், தண்ணீர் கல்மேல் சலசலத்து ஓடும் ஒவ்வொரு மேட்டின் முகடும் விடுபடக் கூடாது. பெஞ்ச் மார்க்கை (மற்ற மட்டங்களை ஒப்பிடும் நிலையான குறியை) வேலையின்போது இடிபடாத பாறையிலோ மரத்தடியிலோ வையுங்கள்.

கல் கணக்கு: சலசலப்பு மேட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கால் விரல் நுனியில் முதலில் படும் கல்லை எடுத்து, அதன் நடு அச்சை (மிக நீளமானதும் மிகக் குட்டையானதும் அல்லாத அகலத்தை) அளக்க வேண்டும். நூறு கல். 1954-இல் வோல்மன் சொன்ன முறை, இன்றும் இதைவிட எளிதாக ஒன்றில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரியும் கல்லைப் பொறுக்காதீர்கள்.

நான்காவது, குழாயின் இரு வாய் மட்டமும் சாலை மட்டமும்.

கடைக்கால்:

உள்ளே குழாய் செருகுவதைப் பற்றி மட்டும். 900-க்குள் 750 உள்விட்டக் குழாய் போனால் பரப்பு 0.64-இலிருந்து 0.44 சதுர மீட்டராகக் குறைகிறது; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நெளிவுத் தகட்டின் சொரசொரப்பு வேகத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது. புதுக் குழாய் வழவழப்பு, அதன் தடைக்கெழு (சொரசொரப்பு நீரைத் தடுக்கும் அளவெண்) ஏறத்தாழப் பாதி. வேகம் தாறுமாறாக ஏறும். புதுக் குழாயின் சுவரும் அடியில் போகும் காரையும் சேர்ந்து உள்மட்டத்தை 5 செ.மீ.க்கு மேல் உயர்த்திவிடும், தொங்கல் இன்னும் கூடும். மீனே இல்லாத சாலையோர வடிகாலுக்கு இது நல்ல வைத்தியம். மீன் ஓடும் ஓடையில் செய்தால் இன்னும் 50 ஆண்டுக்குக் கதவைச் சாத்திவிட்டதாக அர்த்தம்.

குழாய்க்குள் தடுப்புப் பலகை வைத்து வேகத்தைக் குறைப்பதும் உண்டு. ஏற்கெனவே சிறிதாக இருக்கும் வாயில் அது கிளைகளைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். பெரிய கட்டமைப்பு வரும்வரை ஓரிரு ஆண்டு சமாளிக்க மட்டும், அதுவும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் இருந்தால்.

ஓடைக்கரை:

நன்றி. அளந்தவை இதோ.

அகலம் (மீட்டரில்): 2.7, 3.1, 2.9, 3.3, 2.8, 3.0, 3.2, 2.6, 3.1, 3.3. கரை நிரம்பும் ஆழம் சுமார் 0.4.

சரிவு: கீழ்ப்பக்கம் 1.6%, மேல்பக்கம் தாக்கம் இல்லாத இடத்தில் 1.7%. குழாய்க்கு நேர் மேலே 15 மீ. தூரம் மட்டும் 0.4%. குழாயின் சரிவு 0.2%. மேல்வாயின் அடிமட்டமும் அங்குள்ள படுகையும் ஒரே மட்டம். கீழ்வாயிலிருந்து மடுவைத் தாண்டி 5.5 மீ. தள்ளி முதல் சலசலப்பு முகடு. அது குழாய் அடிமட்டத்தைவிட 45 செ.மீ. தாழ்வு.

இயற்கையான மடுக்களில் ஆழமானது முகட்டுக் கோட்டுக்கு 0.5 மீ. கீழே. குழாய்க்கு அடியில் விழுந்த மடு 1.1 மீ.

நூறு கல்லில் பாதி 45 மி.மீ.க்குக் கீழே, 84 கல் 110 மி.மீ.க்குக் கீழே. பெரியது 300. படுகையிலிருந்து சாலை 2.4 மீ. உயரம்.

நீர்மட்டம்:

அருமையான அளவுகள். இந்த நீளவெட்டில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

இயற்கைச் சரிவு 1.65% என்று எடுத்துக்கொள்வோம். குழாய்க்கு மேலே 15 மீ. தூரத்தில் படுகை அந்தச் சரிவில் இறங்காமல் 0.4% மட்டும் இறங்குகிறது; ஆகவே மேல்வாயில் படுகை 19 செ.மீ. உயர்ந்து நிற்கிறது. குழாய் 12 மீ., அதுவும் தட்டையாகக் கிடக்கிறது. அதனால் 17 செ.மீ. மடுவைத் தாண்டும் 5.5 மீ. தூரத்தில் இயல்பாகவே 9 செ.மீ. இறங்க வேண்டும். 19, 17, 9 கூட்டினால் 45. உங்கள் தொங்கல் முழுவதற்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

இதன் பொருள், கீழ்ப்பக்க ஓடை ஆழமாக அரிபட்டு இறங்கிவிடவில்லை. மேலிருக்கும் இயற்கைப் படுகையையும் கீழிருக்கும் முகட்டையும் ஒரே கோட்டில் இணைத்தால் தொங்கல் தானாக மறைந்துவிடும். கணக்கு இப்படிச் சேராமல் 40, 50 செ.மீ. மிச்சம் நின்றிருந்தால் கதை வேறு. குழாய்தான் அதுவரை அரிப்பைத் தடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் அரிப்பால் விழுந்த படி ஓடையின் மேல்பக்கம் நோக்கி ஏறி, மேலே இருக்கும் சதுப்பையும் கரை மரத்தையும் புதைந்த குழாய் வரிகளையும் குலைத்துவிடும். அப்போது கல் வரிசைகளால் படுகையைப் படிப்படியாகப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். சிறு மீனுக்கு ஒரு படி 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அயிரை போன்ற தரையோடு ஊரும் மீனுக்குப் படியே இல்லாமல் சரிவாகக் கல் பரப்புவதுதான் நல்லது.

மேலே தேங்கியிருக்கும் சரளை 15 மீ. நீளம், 3 மீ. அகலம், சராசரி 9.5 செ.மீ. கனம்: 4 கன மீட்டர் சொச்சம். அள்ளி எடுத்துப் புதுப் படுகைக்கே கலந்துவிடுங்கள். அது அந்த ஓடையின் சொந்தக் கல்.

அகலத்துக்கு வருவோம். சராசரி 3.0 மீ. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பயன்படும் விதி, கரை நிரம்பும் அகலத்தைப் போல 1.2 மடங்கு, அதோடு 2 அடி. உங்களுக்கு 3.6 கூட்டல் 0.6, அதாவது 4.2 மீ. உள் அகலம். இது குறைந்தபட்சம் என்று கொள்ளுங்கள். ஓடை சாலையைச் சாய்வாகக் கடந்தாலோ, அந்த இடத்தில் வளைந்து நகர்ந்துகொண்டிருந்தாலோ கூட்ட வேண்டும். கரையைத் தாண்டி வெள்ளம் பரவும் அகன்ற சமவெளி என்றால், அந்தப் பரவல் நீர் முழுவதையும் இந்த ஒரே வாய்க்குள் திருப்புவது தவறு. சாலை மேட்டுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வெள்ளக் குழாய்களைச் சமவெளி மட்டத்தில் தனியாக வைக்க வேண்டும்.

உயரம்: படுகையிலிருந்து கூரை அடிவரை 1.5 மீ. விடலாம். கூரைப் பலகை 0.3, மேலே மண் 0.6 என்றால் உங்கள் 2.4 சரியாகிறது. திறந்த பரப்பை நீளத்தால் வகுத்தால் 4.2 × 1.5 ÷ 12 = 0.52 மீ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில விதிகள் கேட்பது 0.82 அடி, அதாவது 0.25 மீ. இருமடங்கு இருக்கிறது. நீர்நாய், ஆமை போன்றவையும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகும். பெருவெள்ளத்தின் நீர்மட்டம் திறப்பு உயரத்தில் 80 விழுக்காட்டைத் தொடாமல் இருக்கிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். மிதந்து வரும் மரத்துக்கு அந்த இடைவெளி வேண்டும்.

கடைக்கால்:

இந்த அகலத்துக்கு இரண்டு வழி. அடி திறந்த மூன்றுபக்கப் பெட்டி அல்லது வளைவு. இல்லையேல் அடி மூடிய பெட்டியைத் தாழ்த்திப் புதைத்து, உள்ளே படுகை நிரப்புவது.

என் தேர்வு அடி திறந்தது. காரணம், படுகையைப் போட்டு முடித்த பிறகு கூரைத் துண்டுகளைக் கிரேனில் தூக்கி வைக்கலாம். பொக்லைன் மேலிருந்தே கல்லை அடுக்கும். மூடிய பெட்டியில் 12 மீ. உள்ளே கல் கொண்டுபோய்ப் பரப்புவது பெரும் பாடு. கடைசியில் கூலியாட்கள் கிடைத்ததைக் கொட்டிவிட்டு வருவார்கள். ஆனால் அடி திறந்ததற்கு அஸ்திவாரம்தான் உயிர். உங்கள் இயற்கை மடு 0.5 மீ. என்றால், ஓடை எதிர்காலத்தில் அந்த ஆழத்துக்கு எங்கே வேண்டுமானாலும், கட்டுமானத்துக்குள்ளேயும், இறங்கலாம். மடுக்களின் அடியை இணைத்து ஒரு கோடு இழுங்கள்; அஸ்திவாரத்தின் மேல்பாகமே அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கும் கீழே வெள்ள அரிப்புக் கணக்கு. இந்த அளவு ஓடையில் அஸ்திவார அடி, படுகைக்கு 1.2 முதல் 1.5 மீ. கீழே போவது சாதாரணம். மண் பரிசோதனை இல்லாமல் இதை முடிவு செய்யாதீர்கள். இரு பக்கமும் துளை போட்டுப் பாருங்கள். பாறை கிடைத்தால் அதிர்ஷ்டம், கம்பி நட்டு அதன்மேலேயே நிறுத்தலாம். இளகிய களிமண் ஆழமாகப் போனால் மூடிய பெட்டிதான் சரி; எடை பரவலாக இறங்கும். அப்படிப் போட்டால் குறைந்தது 0.6 மீ. புதைய வேண்டும். வட்டக் குழாயாக இருந்தால் விட்டத்தில் 30 முதல் 50 விழுக்காடு.

பின்மண்: 15 முதல் 20 செ.மீ. அடுக்கு, ஒவ்வொன்றும் அந்த மண்ணுக்கு ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95% இறுக்கம், இரு பக்கமும் சமமாக ஏற வேண்டும். ஒரு பக்கம் ஒரு அடுக்குக்கு மேல் உயர்ந்தால் வளைவு நெளியும், பெட்டிச் சுவர் நகரும். இரு முனையிலும் களிமண் அடைப்போ குறுக்குத் தடுப்புச் சுவரோ இல்லாவிட்டால், பழைய குழாயில் நடந்ததுபோலவே தண்ணீர் சுவருக்கு வெளியே வழி தேடிக்கொள்ளும்.

விங் வால் (வாயின் இருபக்கமும் விரியும் பக்கச்சுவர்) அடியில் கல் அடுக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மிச்சமிருக்கும் பெரிய கல்லைக் கீழ்வாய்க்கு முன்னால் படுகை முழுக்கக் கொட்டிவிடுகிறார்கள். கோடையில் தண்ணீர் அந்தக் கற்களின் இடுக்கில் இறங்கிவிடும், மீனுக்கு மேலே ஒரு சொட்டுக்கூட இருக்காது. கல் அடுக்கு சுவரோரத்தோடும் கரையோடும் நிற்கட்டும். இடுக்குகளில் மண் அடைத்துச் செடி நடுங்கள்.

சாலையையும் பாருங்கள். வாய் அடைத்து வெள்ளம் மேலேறினால், சாலைச் சரிவிலேயே அது நூறு மீட்டர் ஓடி வேறெங்கோ வெட்டிக்கொண்டு இறங்கும். கட்டுமானத்துக்குச் சற்றுக் கீழ்ச்சரிவில் சாலையில் ஓர் அகலமான தாழ்வு விட்டால், தண்ணீர் அங்கேயே ஓடைக்குத் திரும்பிவிடும். சாலையோர வடிகாலையும் நேராக ஓடையில் விடாமல் சற்று முன்பே புல்வெளிக்குத் திருப்புங்கள். மண் சாலையிலிருந்து வரும் வண்டல்தான் முட்டையிடும் சரளையை அடைக்கிறது.

கூழாங்கல்:

படுகைக் கலவையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பல நல்ல சிறுபாலங்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

84% கல் 110 மி.மீ.க்குக் கீழே என்று அளந்திருக்கிறீர்கள். வாஷிங்டன் மாநில வழிகாட்டுதலில் உள்ள விகிதப்படி மிகப் பெரிய கல் அதைப் போல 2.5 மடங்கு, 275 மி.மீ. நடுக்கல் 2.5-இல் ஒரு பங்கு, 44. பதினாறாம் விழுக்காட்டுக் கல் (நூறில் 16 கல் இதைவிடச் சிறியவை) எட்டில் ஒரு பங்கு, 14. நீங்கள் அளந்த 45-உம் 300-உம் இதோடு ஒத்துப்போகின்றன. ஆகவே உங்கள் ஓடையின் கலவையை நம்பலாம். குவாரியில் "ஒரே அளவு ஜல்லி" கேட்காதீர்கள். மூன்று நான்கு அளவை வாங்கி, கரையில் பொக்லைன் கையால் கலக்க வேண்டும். உருண்ட கல் கிடைத்தால் நல்லது.

கலவையில் 5 முதல் 10 விழுக்காடு 2 மி.மீ.க்குக் கீழான மணலும் வண்டலும் கட்டாயம். ஓடையைச் சுத்தமாக வைக்கிறோம் என்று கழுவிய கல்லை மட்டும் போட்டால், கோடையில் ஓடும் குறைந்த தண்ணீர் முழுவதும் கல்லுக்குள் மறைந்துவிடும். பாலம் புதிது, ஓடை வறண்டது என்று நிற்கும். 4.2 மீ. அகலம், 12 மீ. நீளம், 0.9 மீ. கனத்துக்கு ஏறத்தாழ 45 கன மீட்டர் கலவை. அதில் நுண்மண் சுமார் 3.5 கன மீட்டர். வாய்க்கு வெளியே இரு பக்கமும் இணைக்கும் படுகைக்கும், பழைய மடுவைப் பகுதியாக நிரப்பவும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

போடும் முறை: 30 செ.மீ. அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின்மேலும் நுண்மண்ணைத் தூவி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இடுக்குக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்கி ஓடத் தொடங்கினால்தான் அந்த அடுக்கு முடிந்தது. அவசரக்காரர்கள் மேலடுக்கில் மட்டும் இதைச் செய்வார்கள். அது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

படுகையைத் தட்டையாக விடக் கூடாது. நடுவில் சிறு நீரோட்டத்துக்கு ஒரு தாழ்ந்த தடம், இரு சுவரோரமும் 400 முதல் 550 மி.மீ. கற்களைப் பாதி புதைத்துக் கரை. அந்தக் கரைக்கல் எந்த வெள்ளத்திலும் நகராத அளவு இருக்க வேண்டும். கூரைக்கு அடியில் செடி முளைக்காது, கரையைப் பிடிக்க வேர் கிடையாது. அந்த வேலையைக் கல்தான் செய்ய வேண்டும். கரைக்கல் இல்லாவிட்டால் தண்ணீர் ஏதாவது ஒரு சுவரை ஒட்டிக்கொண்டு ஓடி அஸ்திவாரத்தைத் துழாவும். தவளைக்கும் எலிக்கும் அதுவே நடைபாதை.

அயிரை:

தண்ணீர், மீன் பக்கம் நான் சொல்கிறேன்.

காலம் முதலில். நீரோட்டம் மிகக் குறைவான மாதங்கள், ஆனால் அந்த ஓடையின் மீன் முட்டையிடும் காலமாகவோ வலசை ஏறும் காலமாகவோ இருக்கக் கூடாது. அனுமதிக் கடிதங்களில் வரும் வேலைக்காலம் இதைப் பார்த்துத்தான் குறிக்கப்படுகிறது. ஓடையில் இறங்குவதற்கு முன் கட்டுமானத் துண்டு, கல், பம்ப் எல்லாம் கரையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஓடையைத் திருப்பிவிட்டுக் கிரேனுக்குக் காத்திருப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

வேலையிடத்துக்கு மேலும் கீழும் ஓடை முழு அகலத்துக்கு வலை கட்டுங்கள். அடிப்பக்கம் கல் வைத்து அழுத்த வேண்டும். விலாங்கு ஒரு விரல் இடுக்கிலும் நுழையும். பிறகு இழுவலையால் மேலிருந்து கீழாக ஓட்டிப் பிடித்து, மிச்சத்தைக் கைவலையால் எடுங்கள். மின்முறையில் மயக்கிப் பிடிப்பதென்றால் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர் மட்டும், துடிப்பு நேர்மின்னோட்டத்தில் மட்டும். மாறுமின்னோட்டம் முதுகெலும்பை முறித்துவிடும். வாளியில் ஓடைத் தண்ணீர், காற்றுக் குமிழி, நிழல். பெரியதையும் சிறியதையும் ஒரே வாளியில் போட்டால் விடும்போது சிறியது இருக்காது. கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள்; காய்ந்த கை மேல்வழுவழுப்பை உரித்துவிடும்.

அதன் பிறகே தற்காலிக அணை. மணல் மூட்டைகளுக்குக் கழுவிய சரளை நிரப்புங்கள், கிழிந்தாலும் சேறு கலக்காது. முகப்பில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் விளிம்பு படுகைக்குள் புதைய வேண்டும். முடிந்தால் பம்ப் வேண்டாம், புவியீர்ப்பில் ஓடும் மாற்றுக்குழாய் போடுங்கள். உங்கள் சரிவில் 300 மி.மீ. வழவழப்பான குழாய் நொடிக்கு 120 லிட்டர் கடத்தும். கோடை ஓட்டம் 25 லிட்டர் என்றால் திடீர் மழைக்கும் இடம் இருக்கிறது. பம்ப்தான் என்றால் இரண்டாவது பம்ப் எண்ணெய் ஊற்றித் தயாராக நிற்க வேண்டும், இரவுக் காவலோடு. உறிஞ்சும் வாயில் 2.4 மி.மீ.க்கு மிகாத துளையுள்ள சல்லடைக் கூண்டு. கூண்டு பெரிதாக இருக்கட்டும். சல்லடையை நெருங்கும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 6 செ.மீ.க்குள் இருந்தால் குஞ்சு ஒட்டிக்கொள்ளாது. கீழே விழும் இடத்தில் கல் மெத்தை போடாவிட்டால் புது அரிப்பு தொடங்கும்.

நீர் வடிய வடியக் குட்டைகளில் இன்னும் மீன் தெரியும். தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து, இரண்டாம் முறை, மூன்றாம் முறை தேடுங்கள். குழியில் ஊறும் கலங்கல் நீரை ஓடைக்குத் தள்ளாதீர்கள். தள்ளியிருக்கும் புல்தரையிலோ வடிகட்டிப் பையிலோ விடுங்கள்.

பச்சைக் கான்கிரீட்டைத் தொட்ட தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 11, 12 வரை போகும். மீனின் செவுள் வெந்துவிடும். அஸ்திவாரத்தை அங்கேயே வார்ப்பதானால் அந்த நீர் தனிக்குழியில் நிற்க வேண்டும். பிஎச் காகிதத்தை நனைத்துப் பார்த்து, ஓடையின் இயல்பு அளவுக்கு இறங்கிய பிறகே வெளியே.

தண்ணீரைத் திரும்ப விடும்போதும் பொறுமை வேண்டும். முதலில் சிறு பங்கு மட்டும் புதுப் படுகைமேல் போகட்டும். அது கலங்கலாகத்தான் வரும்; கீழ் அணையில் தேக்கி, பம்ப் செய்து புல்லுக்கு அனுப்புங்கள். தெளிந்ததும் அடுத்த பங்கு. இந்த நேரம் முழுவதும் மாற்றுக்குழாய் வழியே கீழ்ப்பக்கத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கீழ்ப்பக்க மடுவை முழுக்க மூடிவிடலாமா? மீன் இப்போது அங்கேதான் இருக்கிறது.

நீர்மட்டம்:

முழுக்க வேண்டாம். 1.1 மீ. ஆழம் குழாயின் பீய்ச்சலால் வந்தது. அது கட்டுமானத்தின் வாயருகே அப்படியே இருந்தால் புதுப் படுகை அதற்குள் சரிந்துவிடும். வாயை ஒட்டிய பகுதியை உங்கள் சரிவுக்கோட்டுக்கு நிரப்பி, கீழ்க்கோடியில் இயற்கை மடுவின் 0.5 மீ. ஆழத்தை விட்டுவையுங்கள். கரையில் வெட்டிய மரத்தின் வேர்க்கட்டை ஒன்றைப் பாதி புதைத்து வைத்தால் ஒதுங்க நிழலும் கிடைக்கும்.

அயிரை:

வேலை தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். குழாய்க்குக் கீழே அயல்நாட்டு மீன் ஏதாவது பெருகியிருக்கிறதா, மேலே அது இல்லையா? அப்படியென்றால் இந்தத் தொங்கல்தான் மேலிருக்கும் உள்ளூர் மீனைக் காத்துக்கொண்டிருக்கிறது. திறந்துவிட்டால் மூட முடியாது. இரு பக்கமும் வலை போட்டுப் பார்த்து, மீன்வளத் துறையிடம் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

கடைக்கால்:

முடிந்ததும் அதே பெஞ்ச் மார்க்கிலிருந்து நீளவெட்டை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி எடுங்கள். கல் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அது ஓடையின் இயல்பு. அஸ்திவார முகம் தெரிந்தாலோ, தண்ணீர் கல்லுக்குள் மறைந்தாலோ அந்தக் கோடையிலேயே சரிசெய்யுங்கள்.